கிணற்று நீரும் ஊராட்சியும்

பாலக்காடு மாவட்டத்தில் உள்ள ஊர் பிளாச்சிமடா. 2000-ஆம் ஆண்டு அங்கே கோக்கோ கோலா ஆலை வந்தது. நிலத்தடி நீரை எடுத்தது. ஊர்க் கிணறுகளில் நீர் குறைந்தது. இருந்த நீரும் கெட்டது. பெண்கள் குடங்களோடு தொலைவுக்கு நடந்தார்கள்.

2002 ஏப்ரலில் மக்கள் ஆலை முன்னால் போராட்டம் தொடங்கினார்கள். ஆதிவாசிப் பெண் மயிலம்மா முன்னே நின்றார். ஆலைக்கு உரிமம் கொடுத்தது பெருமாட்டி ஊராட்சி. 2003 ஏப்ரலில் அதைப் புதுப்பிக்க ஊராட்சி மறுத்தது. வழக்கு நடந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

ஊராட்சியைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம். வாக்காளர் எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். கூட்டத்துக்குப் போவோம். தண்ணீர் பற்றிக் கேட்போம். தீர்மானத்தைப் படித்துப் பார்ப்போம். பிறகு கையெழுத்துப் போடுவோம்.