கடற்பசுவுக்கு யார் சொந்தம்?

கேள்வி: கற்பிட்டிக் கடலில் காணப்படும் கடற்பசுவுக்கும் டொல்பினுக்கும் வால் ஒரே மாதிரி இருக்கிறது. இரண்டும் நெருங்கிய இனமா?

பதில்: இல்லை. கடற்பசுவுக்கு நெருங்கிய உறவு யானை, டொல்பினுக்கு நீர்யானை. தட்டையாக விரிந்த வால், நீருக்குள் போன இரு வம்சங்களிலும் தனித்தனியே உருவானது. இத்தகைய ஒற்றுமையை உயிரியலாளர் உறவுக்குச் சான்றாகக் கொள்வதில்லை. பொது மூதாதையிடமிருந்து வந்த, அந்தக் கிளைக்கே உரிய புதிய அடையாளங்களைத்தான் தேடுவர். பெண் கடற்பசுவின் முலைகள் முன்துடுப்பின் கக்கத்தில் இருக்கும். யானைக்கும் முன்னங்கால்களுக்கு இடையில்தான். முதிர்ந்த ஆண் கடற்பசுவின் மேல் வெட்டுப்பற்கள், யானைக்குப் போலவே, சிறு தந்தங்களாக வெளியே தெரியும்.

உடலமைப்பு மட்டும் போதாது. 1981இல் கண்வில்லைப் புரதத்தின் ஒப்பீடு இதே உறவைக் காட்டியது. பின்னர் டிஎன்ஏவும் அதை உறுதிசெய்தது. கடற்பசுவின் வம்சம் தரையிலிருந்து நீருக்குள் போனதற்கும் சான்று உண்டு: ஜமேக்காவில் கிடைத்து 2001இல் விவரிக்கப்பட்ட, சுமார் 5 கோடி ஆண்டுப் பழைமையான கடற்பசுப் புதைபடிவத்துக்கு, தரையில் நடக்கக்கூடிய நான்கு கால்கள் இருந்தன.