சனி, ஞாயிறில் ஜன்னல் துடைக்கும் தொழில்

கேள்வி: வார நாள்களில் கம்பெனி வேலை. சனி, ஞாயிறு மட்டும் வீடுகளுக்குப் போய் ஜன்னல் கண்ணாடி துடைத்துத் தொழிலை வளர்க்க முடியுமா? (வாசகர், சென்னை)

பதில்: முடியும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்ககங்களில் உங்களுக்குக் கதவு திறக்க ஆள் இருப்பதே அந்த இரண்டு நாள்தான். ‘வீட்டு வேலை செய்பவரே துடைத்துவிடுவாரே’ என்பார்கள். தூசிதான் துணிக்குப் போகும். போர் தண்ணீர் தெறித்துக் காய்ந்த உப்புக்கறை போகாது. வினிகர் கலந்த நீரில் ஊறவிட்டு, ரப்பர் வைப்பரை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கத்துக்குத்தான் காசு. ஓய்வு போய்விடுமே என்ற அச்சம் நியாயமானது; ஆகவே ஊரெல்லாம் அலையாமல் ஒரே வளாகத்தில் வீடு பிடியுங்கள், காலையோடு முடித்துவிடலாம். மாடி ஜன்னலுக்கு வெளியே மட்டும் பாதுகாப்புப் பெல்ட்டும் பயிற்சியும் இல்லாமல் கால் வைக்காதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும்.