இரத்தக் கழிச்சலும் மூலிகைத் தீவனமும்

கறிக்கோழி வளர்ப்போர் மூன்றாவது வாரம் முதல் ஐந்தாவது வாரம் வரை விழிப்புடன் இருக்க வேண்டும். குஞ்சுக்கும் தீவனத்துக்கும் பெரும்பகுதிப் பணத்தைப் போட்டு முடித்த அந்தச் சமயத்தில்தான் இரத்தக் கழிச்சல் தலைகாட்டுகிறது. கோழிகள் சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். எச்சத்தில் இரத்தம் கலந்திருக்கும். இறந்த கோழியை அறுத்துப் பார்த்தால் குடல்வால்கள் இரண்டும் இரத்தம் நிரம்பிப் பருத்துக் காணப்படும்.

எய்மீரியா எனும் ஓரணு ஒட்டுண்ணியே இதற்குக் காரணம். இதில் பல வகைகள் உண்டு. குடல்வாலைத் தாக்கும் வகையே இரத்தப்போக்கை உண்டாக்கிக் கோழிகளைக் கொல்லும். சிறுகுடலைத் தாக்கும் வகைகளில் இரத்தம் கண்ணில் படாமலே போகலாம். தீவனம் மட்டும் செலவாகும், எடை ஏறாது.

மஞ்சள், பூண்டு, ஓமம் ஆகியவற்றைத் தீவனத்தில் கலந்தால் மருந்தே தேவையில்லை என்று சிலர் கூறுகின்றனர். இதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு முடிவுகளின்படி, தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு மஞ்சள்தூள் சேர்த்தபோது சிறுகுடல் வகைகளால் வரும் பாதிப்பு குறைந்தது. குடல்வால் நோயில் பயன் காட்டியதோ ஆர்ட்டிமிசியா அன்னுவா என்ற செடியின் காய்ந்த இலை. (பூக்கடை மரிக்கொழுந்தும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அது வேறு செடி. அதைப் பறித்துப் போட்டுப் பயனை எதிர்பார்க்கக் கூடாது.) ஆகவே ஒரே மூலிகை எல்லா வகைக்கும் ஆகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனைகளில் நோய் வருமுன்பே மூலிகை தீவனத்தில் இருந்தது. நோய் கண்ட கோழி தீவனத்தைத் தொடாது, தண்ணீர் குடிக்கும். கழிச்சல் தொடங்கிய பிறகு தீவனத்தில் மஞ்சளைக் கொட்டுவது வீண். அப்போது கால்நடை மருத்துவரின் யோசனைப்படி ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைக் குடிநீரில் உடனே கொடுக்க வேண்டும். ஒரு நாள் தாமதமும் இழப்பைக் கூட்டும். ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் பி1 வைட்டமின் சேர்ந்த மருந்துகளை நிறுத்தி வைக்கவும். அது மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

மஞ்சள் சேர்க்க விரும்புவோர், 100 கிலோ தீவனத்துக்கு 1 கிலோ தூளை முதலில் 5 கிலோ தீவனத்துடன் நன்கு பிசறி, பிறகு மீதியுடன் கலக்கலாம். தீவனத்தில் ஏற்கனவே உள்ள தடுப்பு மருந்தை இதை நம்பி நிறுத்திவிடக் கூடாது. ஒப்பந்த முறையில் வளர்ப்போர் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் எதையும் கலக்க வேண்டாம்.

எந்த மூலிகை போட்டாலும் கூளம் ஈரமாக இருந்தால் பயனில்லை. எச்சத்துடன் வெளிவரும் ஒட்டுண்ணி முட்டை உடனே நோய் தருவதில்லை. ஈரமும் காற்றும் வெப்பமும் கிடைத்தால் இரண்டே நாளில் முதிர்ந்துவிடும். அதைக் கொத்தித் தின்னும் கோழிக்கு நோய் வரும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அது சாவதில்லை. ஆகவே உமியையோ மரத்தூளையோ ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பார்க்க வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம்; உதிர்ந்தால் சரி. தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள இடமே பெரும்பாலும் நனைந்து கட்டியாகிறது. தட்டைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தி, கட்டியை அள்ளி வெளியேற்றி, புதுக் கூளம் போட்டு, நாள்தோறும் கிளறிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரல் அடிக்கும் பக்கம் படுதா கட்டலாம். ஆனால் மேல்பகுதியில் ஒரு அடியாவது திறந்திருக்கட்டும். முழுக்க மூடிய கொட்டகையில் கோழியின் மூச்சுக்காற்றே கூளத்தை நனைத்துவிடும்.