பிள்ளை படுக்க ஓர் இடம்

அன்புள்ள தங்கச்சிக்கு,



உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் மச்சான் வெளிநாட்டுச் சபரிலிருந்து லீவில் வந்திருக்கிறார். மகனுக்குப் பத்து மாதம். மூன்று பேருமாகச் சென்னைப் பக்கம் போய் ஒரு நாள் முழுக்கத் தீம் பார்க்கில் இருந்துவிட்டு வர அவருக்கு ஆசை. உன் உம்மாவோ, பால்குடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது ராட்டினம் சுற்றப் போவார்களா என்று கோபப்படுகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "லாத்தா, நீங்களே சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். நாகூரிலும் காரைக்காலிலும் லீவுக்கு ஆள் வந்திருக்கிற வீடுகள் பலவற்றில் இந்தப் பேச்சு நடக்கும். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

போய் வாருங்கள். உம்மா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கெல்லாம் ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

முதலில் மச்சானின் ஆசையைப் பற்றிச் சொல்கிறேன். நம் கரையில் ஆண்கள் கடல் கடந்து போய்ப் பிழைப்பது எத்தனையோ தலைமுறைப் பழக்கம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் எஜமான் பெயரில் நினைவிடம் கட்டுகிற அளவுக்கு அங்கே நம்மவர்கள் வேர் பிடித்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாப்பா என்றால் வருகிற கடிதம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போனில் தெரிகிற முகம். உன் மகனுக்கு வாப்பாவின் குரல் தெரியும், சிரிப்பு தெரியும். தோள் தெரியாது. இந்தப் பயணத்தில் அவனுக்குக் கிடைக்கப்போகிற பெரிய விஷயம் நீர்ச்சறுக்கும் ராட்டினமும் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வாப்பாவின் தோளிலேயே இருப்பதுதான். இந்த ஒன்றுக்காகவே நான் போகச் சொல்கிறேன். ஆகவே அன்றைக்குப் பிள்ளையைச் சுமப்பது மச்சானின் வேலை. அழுதால் உடனே கை நீட்டி வாங்கிக்கொள்ளாதே. அவரே தட்டிக்கொடுத்து அடக்கட்டும். பசிக்கு மட்டும் நீ.

பத்து மாதப் பிள்ளைக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்பதை இனி அவன் பக்கத்திலிருந்து யோசிப்போம். நாலு மாதத்திலிருந்து பதினோரு மாதம் வரைக்கும் உள்ள பிள்ளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பகலில் இரண்டு தடவை தூங்கும். பார்க் காலையில் திறந்து சாயங்காலம் மூடுகிறது. அந்த நேரத்துக்குள்தான் அவனுடைய இரண்டு தூக்கமும் வரும். தூங்கி எழுவது, குடிப்பது, சாப்பிடுவது, துணி மாற்றுவது எல்லாம் போக, அவன் கண்ணை விரித்து எதையாவது பார்க்கிற நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்திலும் அவன் பார்ப்பது நீங்கள் காசு கொடுத்துப் பார்க்கப் போனதை இல்லை. ஊற்றுத் தண்ணீர், சோப்பு நுரைக் குமிழி, பக்கத்தில் அழுகிற இன்னொரு பிள்ளை, இவைதான் அவனுக்குக் காட்சி. ஈ.சி.ஆர். சாலை வி.ஜி.பி.யில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பெரியவர்கள் என்னென்னவோ செய்து பார்ப்பார்கள். பிள்ளை அவருடைய தலைப்பாகையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எந்த ராட்டினத்திலும் அவனை ஏற்றாதே. மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள், கேட்காதே. பிறந்த பிள்ளையின் தலை, உடல் நீளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. நமக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். பத்து மாதத்திலும் தலைக் கனம் அதிகம், கழுத்துத் தசை இளசு. வேகமாகத் திரும்பி, குலுங்கி நிற்கிற எதுவும் அந்தக் கழுத்துக்கு ஆகாது. மெதுவாகப் போகிற சிறுவர் ரயில் மாதிரி ஏதாவது இருந்து, கைக்குழந்தையை அனுமதிக்கிறோம் என்று அங்கே வேலை செய்கிறவர்களே சொன்னால் ஒரு சுற்றுப் போ. ஒலிபெருக்கிப் பக்கம் நிற்காதே. பிள்ளையின் காதுக்குழாய் சின்னது. அதனால் கீச்சென்ற சத்தம் நமக்குக் கேட்பதைவிட அதற்குக் கூடுதலாக அழுத்தும். இன்னொன்று, ஒன்பது மாதம் முடிந்ததும் அரசு போடுகிற தட்டம்மை–ரூபெல்லா ஊசியைப் போட்டாயிற்றா? போடவில்லை என்றால் முதலில் அது, பிறகுதான் கூட்டம்.

இதையெல்லாம் படித்துவிட்டு உம்மா சொன்னதே சரி என்று நினைத்துவிடாதே. நீ நாகூர்க்காரி. கைக்குழந்தையோடு வெளியே போவது எப்படி என்பதற்கு நம் ஊரை விடப் பெரிய பள்ளிக்கூடம் எதுவும் எனக்குத் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தர்கா அலங்கார வாசல் பக்கம் போய் நின்று பார். எந்தெந்த ஊரிலிருந்தோ பிள்ளைகள் வந்திருக்கும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, இந்து வீட்டுப் பிள்ளை, வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு அப்படியே இங்கேயும் வந்த கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய தலைகள். பிள்ளை இல்லாத லாகூர்த் தம்பதிக்கு எஜமானின் துஆவால் யூசுப் பிறந்தார், பின்னாளில் அவரே எஜமானின் வளர்ப்பு மகனானார் என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்லிக் கேட்ட வரலாறு. அவருடைய வழிவந்தவர்கள்தான் இன்றும் தர்காவைப் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளை கேட்டு வருவதும், பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு திரும்ப வருவதும் நானூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது.

அந்தத் தாய்மார்கள் உள்ளே வந்ததும் என்ன செய்கிறார்கள் என்று கவனி. முதலில் ஒரு நிழலைத் தேடுகிறார்கள். சுவரோரமாகத் துணியை விரித்துப் பிள்ளையைக் கிடத்துகிறார்கள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பால் கொடுக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத பெரியம்மா விசிறுகிறார், பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்கிறார், தாய் கைகால் கழுவிவிட்டு வரும்வரை மடியில் வைத்துக்கொள்கிறார். எழுந்து போ என்று யாரும் விரட்டுவதில்லை. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிய 131 அடி பெரிய மினாராவைப் பெரியவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது, பிள்ளை தரையில் தானியம் கொத்துகிற புறாவைப் பார்த்துக் கையைக் காலை உதைத்துக்கொண்டிருக்கும். பிள்ளைக்கு வேண்டியது அவ்வளவுதான். தரை, நிழல், அவசரப்படுத்தாத மனிதர்கள், கண்ணெட்டும் தூரத்தில் அசைகிற ஏதாவது ஒன்று.

பார்க்கை நீ அளக்க வேண்டியதும் இதை வைத்துத்தான். எத்தனை ராட்டினம் என்று மச்சான் பார்த்துக்கொள்வார். பிள்ளை படுக்க எங்கே இடம் என்று நீ கேள்.

டிஸ்னிலேண்ட் என்கிற யோசனையே ஒரு வாப்பாவுக்கு வந்ததுதான். வால்ட் டிஸ்னி தன் பெண்பிள்ளைகளைக் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டுப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாராம். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே சந்தோஷப்படுகிற ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955இல் கலிபோர்னியாவில் அது திறந்தது. இன்றைக்கு அங்கே கைக்குழந்தைகளுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. பால் கொடுக்க அறை, துணி மாற்ற மேஜை, சாப்பாட்டைச் சூடாக்க வசதி எல்லாம் உண்டு. இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. வாப்பா ராட்டினம் ஏறும்போது உம்மா பிள்ளையோடு வெளியே இருப்பார். அவர் இறங்கியதும் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் நேராக ஏறிக்கொள்ளலாம். இதற்குப் பெரிய செலவில்லை. பிள்ளையோடு வருகிறவர்களை நினைத்துப் பார்க்கிற மனசு இருந்தால் போதும்.

நம் மாநிலத்தில் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறை வைக்க வேண்டும் என்று அரசே முடிவெடுத்து 2015 ஆகஸ்டில் திறந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற அரைமணி நேரத்துக்கே அது தேவை என்றால், ஒரு நாள் முழுக்க இருக்கும்படி கூப்பிட்டுக் கட்டணமும் வாங்குகிற இடத்தில் அது கட்டாயம் இருக்க வேண்டும். அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே போன் செய். பால் கொடுக்க அறை இருக்கிறதா? பிள்ளையைக் கிடத்த மின்விசிறியோ ஏசியோ உள்ள இடம் உண்டா? வெளிச் சாப்பாடு கூடாது என்பார்கள், பிள்ளையின் கூழையும் பாட்டிலையும் விடுவார்களா? தள்ளுவண்டி தருவார்களா? நடுவில் வெளியே போய்விட்டு அதே டிக்கெட்டில் திரும்ப வரலாமா? கூச்சப்படாமல் கேள். கேட்கிற தாய்மார்கள் கூடினால்தான் இல்லாத அறை உண்டாகும்.

எந்தப் பார்க் என்று நீ எழுதவில்லை. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்த வொண்டர்லாவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு பாய்கிற ஒரு ரோலர் கோஸ்டருக்குத் தஞ்சோரா என்று பெயர். நம் தஞ்சாவூர் ஞாபகம் வருகிற பெயர், மச்சான் அதில் ஏறாமல் திரும்ப மாட்டார். அவர்கள் சிறுவர் கட்டணம் வாங்குவது உயரத்தைப் பார்த்து. 85 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. பத்து மாதப் பையன் சராசரியாக 73 சென்டிமீட்டர் இருப்பான். இருந்தாலும் போகுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

வழி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்கள் ராத்திரி ரயிலேறி எழும்பூர் வரை போய், விடிந்ததும் வந்த வழியிலேயே தெற்கே திரும்பி வருவார்கள். பிள்ளைக்கு அது வீண் அலைச்சல். திருப்போரூர் சென்னைக்கு முன்னாலேயே இருக்கிறது. செங்கல்பட்டில் இறங்கினால் சாலை வழி முப்பது கிலோமீட்டருக்குள்தான். கார் என்றால் காரைக்கால், சிதம்பரம், கடலூர், புதுச்சேரி என்று கடலோரமாகவே போய் மாமல்லபுரத்தில் ராத்தங்குங்கள். போன அன்றைக்கே பார்க்குக்குள் நுழையாதீர்கள். பிள்ளை ஒரு ராத்திரி ஒழுங்காகத் தூங்கி எழட்டும்.

காலம், தை கடைசியும் மாசியும் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. பொங்கல் விடுமுறை வேண்டாம், சனி ஞாயிறு வேண்டாம். வெயிலுக்குப் பயந்து தள்ளுவண்டியைத் துணியால் முழுக்க மூடுகிறவர்களைப் பார்த்திருப்பாய். அப்படி மூடினால் உள்ளே காற்று நின்று இன்னும் கொதிக்கும். தொப்பியும் நிழலும் போதும். அடிக்கடி பால் கொடு. ஆறு மாதம் தாண்டிய பிள்ளை என்பதால் இடையிடையே ஆறவைத்த தண்ணீரும் கொடுக்கலாம். அலைக்குளத்தில் அவனை இறக்க வேண்டாம். பிள்ளை உடம்பு சீக்கிரம் சூடிழக்கும், குளோரின் தண்ணீரையும் குடித்துவிடுவான். அவனைத் தண்ணீரில் விளையாடவிட ஆசையாக இருந்தால் சில்லடிக் கடற்கரையில் சாயங்காலம் ஈர மணலில் உட்கார வை, நீங்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தர்கா கந்தூரித் திருவிழாவுக்கு ஊரிலேயே ராட்டினம் வருமே, அது போதாதா என்று உம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். கந்தூரி பதினாலு நாளும் நம் ஊர் அழகுதான். ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வருகிற ராத்திரியில் பத்து மாதப் பிள்ளையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோவது பார்க்கை விடக் கஷ்டம். வாத்தியச் சத்தம், நெரிசல், விடியவிடிய விழிப்பு. சொந்த ஊர் என்பதற்காக அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. கொடியேறி ஓரிரு நாள் கழித்து அஸருக்குப் பிறகு போய், மஃரிபுக்கு முன்னால் வீடு திரும்பினால் அவனும் சந்தோஷமாக வேடிக்கை பார்ப்பான்.

உம்மாவிடம் வாதம் பண்ணாதே. அவர்களையும் கூட்டிக்கொண்டு போ. உன் வீட்டிலேயே உன் கூடவே இருக்கிறவர்கள், பேரனைப் பிறந்ததிலிருந்து குளிப்பாட்டி வளர்க்கிறவர்கள். அவன் இரண்டாவது தூக்கத்துக்குப் போகிற மத்தியானத்தில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால், நீயும் மச்சானும் ஒன்றாக ஏறி இறங்க ஒரு மணி நேரம் கிடைக்கும். கல்யாணமான கொஞ்ச நாளில் சபர் போனவர் அவர். உங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு மணி நேரம் வேண்டும், அதைக் கேட்க வெட்கப்படாதே. தஞ்சோராவில் நீயும் ஏறு.

மதியத்துக்குள் பிள்ளை முடியாமல் சிணுங்க ஆரம்பித்தால், டிக்கெட் காசைக் கணக்குப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். மாமல்லபுரத்துக் கடற்காற்றில் எல்லோரும் தூங்கி எழுந்தால் அதுவும் லீவுதான்.

போன் செய்து கேட்ட கேள்விகளுக்குப் பார்க்கில் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுது. பாலூட்டும் அறை எங்கே இருக்கிறது, பூட்டு இருக்கிறதா, உட்கார நாற்காலி இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து எழுது. அடுத்துக் கேட்கிற தங்கச்சிமார்களுக்கு நான் சொல்ல வேண்டும்.

வஸ்ஸலாம்.

உன் அன்புள்ள
லாத்தா
நாகூர்