கூம்புத் துளைக்கு ஒரு கருவி

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கையில் எடுத்தவை சிலவே. கதிரையும் வாங்கும் வீட்டோடு நின்றுவிட்டன. ஆணியும் பசையும் இன்றி இறுகி நிற்கும், வேண்டும்போது கழன்று வரும் முக்காலியைச் செய்ய முடியுமா? முடியும் என்பதைக் கொழும்புத்துறையில் கடைசல் பழகியபோது கண்டோம்.

நேர்த்துளையில் இறக்கிய கால், மரம் உலர்ந்து சுருங்கியதும் ஆடும். கூம்புத் துளையிலோ, நாம் இருக்க இருக்கக் கால் மேலும் இறுகும். மேலிருந்து மரச்சுத்தியலால் தட்டினால் கழன்றுவிடும். கூம்புத் துளை எமக்குப் புதிதன்று. நாதஸ்வரத்தின் உட்துளையும் அத்தகையதே. கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்யப்படும் நாதஸ்வரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது.

இத்துளையைக் குடையும் கருவியே றீமர்.

செய்முறை

1. நன்கு உலர்ந்த முதிரையிலோ பாலையிலோ 5 அங்குல நீளக் கூம்பு கடையுங்கள். அடி விட்டம் 1 அங்குலம். நுனி அரை அங்குலம். அடிக்கு மேலே பிடிக்காக 3 அங்குலம் விடுங்கள்.

2. நுனியிலிருந்து அடிவரை, சரி நடுவே வாளால் பிளவு அறுங்கள்.

3. பழைய கைவாள் தகட்டில், கூம்பிலும் மயிரளவு அகலமாக அலகு வெட்டி, விளிம்புகளை அரத்தால் சதுரமாக அராவுங்கள்.

4. அலகைப் பிளவில் செருகித் திருகாணியால் இறுக்குங்கள். விளிம்பு ஒரு தாளின் கனமே வெளியே தெரியவேண்டும். விளிம்பின் முன்னே சிறு பள்ளம் செதுக்கினால் சீவல் அடைக்காது.

5. பிடியில் குறுக்கே துளையிட்டுக் கம்பு செருகுங்கள்.

பலகையில் அரை அங்குலத் துளையிட்டு, கீழ்ப்பக்கமாக றீமரை வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். உலர்ந்த காலின் முனையை அதே சாய்வில் கடைந்து, பென்சிலால் நெடுங்கோடுகள் இழுத்து, துளையில் வைத்துத் திருப்புங்கள். கோடு அழிந்த இடமே மேடு. அங்கே சற்றுக் கடையுங்கள்.

கவனிக்க: முதன்முறை நாம் அலகை அதிகம் வெளியே விட்டோம். அது துள்ளி, துளை கோணலானது. அரத்தால் குறைத்த பின்பே வட்டம் வந்தது.

மீண்டும் எவரும் இடம்பெயர வேண்டாம். ஆனால் காணி விடுபட்டு ஊர் திரும்பும் நாளில், மூன்று கால்களும் பலகையும் ஒரு சைக்கிள் கரியரில் அடங்கும்.

கலந்துரையாடுவோம்

எமது வீட்டுப் பொருட்களில் வேறு எவற்றை இவ்வாறு கழற்றிப் பூட்டலாம்?

எமது ஊரில் கடைசல் தெரிந்தவர் யார்? அவரிடம் யாரை அனுப்பிப் பழக்கலாம்?