பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கப் போகிறீர்களா?

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே ஆரம்பித்துவிடுவார்கள்: “பேர் பாத்தாச்சா?” பெற்றவளுக்குத் தையல் வலிகூட ஆறியிருக்காது. அதற்குள் அத்தை ஒரு பெயர் சொல்வார், பெரியப்பா பஞ்சாங்கத்தைப் பிரிப்பார், சித்தி போனில் ஒரு நீளப் பட்டியலை அனுப்பிவைப்பார். எல்லாம் பாசம்தான். ஆனாலும் பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் முதல் பேரன் பேத்திகளின் கல்யாணப் பத்திரிகை வரை அந்தப் பெயரோடு இருக்கப்போகிறவள் அந்தக் குழந்தை. அவளை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிக்கு இந்தக் குறிப்புகள்.

1. அவசரம் வேண்டாம், ஒரு வருஷம் அவகாசம் இருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதைக் கேட்டுவிட்டு, பெயரையும் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்சார்ஜ் அன்று நீட்டப்படும் படிவத்தில் வாய்க்கு வந்த பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். தமிழ்நாட்டில் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம்; அதற்குமேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயரை, பிடிக்கவில்லை என்று சொல்லி மாற்ற முடியாது. எழுத்துப் பிழையைத் திருத்துவார்கள், அவ்வளவுதான். பெயரையே மாற்றுவது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தக் காகிதத்தில் ஏறும் பெயருக்காக இரண்டு மாதம் யோசிப்பது வீண் அல்ல.

2. பெற்றவளிடம் முதலில் கேளுங்கள். எத்தனையோ வீடுகளில் பெயர் வைக்கும் நாளன்று தட்டில் பரப்பிய அரிசியில் எழுதும்போதுதான் அம்மாவுக்கே பெயர் தெரியவருகிறது. பத்து மாதம் வயிற்றில் சுமந்தபோதே அவள் மனசுக்குள் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

3. பாட்டி பெயரை வைப்பது நல்ல வழக்கம், ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் என்பது பல குடும்பங்களில் எழுதாத விதி. மாமியார் பெயர் காந்திமதி, பேத்தியும் காந்திமதி. மருமகள் எப்படிக் கூப்பிடுவாள்? மாமியார் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்ற வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. “ஏய் காந்தி, இங்க வா” என்று குழந்தையை அதட்டினால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குச் சுருக்கென்று இருக்கும். கடைசியில் குழந்தை ‘பாப்பா’ ஆகிவிடுகிறாள். பாட்டியின் பெயர் சான்றிதழோடு நின்றுவிடுகிறது. பெயர் புழங்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் மாமியாரே முன்வந்து, “என் பேரைச் சொல்லியே கூப்பிடும்மா” என்று மருமகளிடம் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்ன மாமியார்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் பேத்தி அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்கிறாள். அது முடியாது என்றால் பாட்டி பெயரின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். காந்திமதியிலிருந்து மதி, செண்பகவல்லியிலிருந்து செண்பகா, தேனம்மையிலிருந்து தேன்மொழி.

4. அடுத்தது ஆண் பிறக்க வேண்டும் என்ற வேண்டுதலைக் குழந்தையின் பெயரில் ஏற்றாதீர்கள். போதும்பொண்ணு, போதுமணி என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருத்தணிப் பக்கம் ஓர் ஊரில் பெண் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்றே பெயர் வைக்கும் வழக்கம் இருப்பது 2019-ல் செய்தியாக வந்தது. வகுப்பில் டீச்சர் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து நிற்கும் ஆறு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். தான் யாருக்கும் தேவைப்படாமல் பிறந்தவள் என்பதை அவள் ஒவ்வொரு நாள் காலையிலும் கேட்கிறாள். இன்று அந்தப் பெயர்கள் குறைந்திருக்கலாம், எண்ணம் குறைந்ததாகத் தெரியவில்லை. “ரெண்டாவதும் பொண்ணுதான், ஏதோ ஒரு பேர் வைங்க” என்று அலுத்துக்கொள்ளும் குரல் இன்னும் கேட்கிறது. மூத்தவளுக்கு எத்தனை நாள் தேடினீர்களோ அதே அக்கறையோடு இரண்டாவது மகளுக்கும் மூன்றாவது மகளுக்கும் தேடுங்கள். பத்து வயதில் அவள் கட்டாயம் ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

5. நட்சத்திர எழுத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு பாதத்துக்கும் பஞ்சாங்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். ரோகிணி முதல் பாதத்துக்கு ஓ. ஓவியா என்று சுலபமாக வைத்துவிடலாம். திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ங, அஸ்தம் நான்காம் பாதத்துக்கு ட. இந்த எழுத்துகளில் தமிழில் பெயருக்கு எங்கே போவது? அதே நட்சத்திரத்தின் வேறு பாதத்து எழுத்தை எடுத்துக்கொள்வது வழக்கத்தில் உண்டு. திருவாதிரை என்றால் கு, க இருக்கிறது. குழலி, கயல் எல்லாம் பொருந்தும். இன்னொரு வழியும் உண்டு. ஜாதகப் பெயரைப் பெயர் வைக்கும் நாளில் காதில் மூன்று முறை சொல்லிவிட்டு, பிடித்த பெயரைச் சான்றிதழில் ஏற்றலாம். இரண்டு தரப்புக்கும் மனத்தாங்கல் இருக்காது.

6. எண் கணிதத்துக்காக ஆங்கில எழுத்துகளைக் கூட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன். கூட்டுத்தொகைக்காக ஒரு ‘ஏ’ இரண்டாகும், நடுவில் ஒரு ‘எச்’ நுழையும். அதன்பின் ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் சான்றிதழில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி என்று ஆகி, பதினெட்டு வயதில் அந்தப் பெண்தான் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்குவாள். எண் பார்த்தே தீர வேண்டும் என்றால், இயல்பான எழுத்திலேயே அந்த எண் வருகிற வேறு பெயரைத் தேடுங்கள்.

7. பொருளைச் சரிபாருங்கள். இணையப் பட்டியல்களில் எல்லாப் பெயருக்கும் ‘தேவதை’, ‘அழகு’, ‘லட்சுமியின் இன்னொரு பெயர்’ என்று ஏதாவது போட்டிருப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதில் தேடுங்கள். வடமொழிப் பெயராக இருந்தால் அந்த மொழி படித்த ஆசிரியரிடம் கேளுங்கள். அப்பா பெயரில் ஓர் எழுத்து, அம்மா பெயரில் ஓர் எழுத்து சேர்த்து உருவாக்கிய பெயருக்கு அகராதியில் பொருள் இருக்காது. அதனால் குறைவில்லை. “என் பேருக்கு என்னம்மா அர்த்தம்?” என்று அவள் கேட்கும்போது சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருந்தால் போதும்.

8. பெயர் கிடைக்கவில்லை என்பவர்கள் பக்கத்துக் கோயிலுக்குப் போய் அம்மன் சன்னதி வாசலைப் பாருங்கள். மதுரையில் மீனாட்சிக்கு அங்கயற்கண்ணி என்றொரு பெயர் உண்டு. குற்றாலத்தில் குழல்வாய்மொழி. திருச்சி தாயுமானவர் கோயிலில் மட்டுவார்குழலி. திருவாலங்காட்டில் வண்டார்குழலி. வேதாரண்யத்து அம்மனின் பெயர் யாழைப்பழித்த மொழியாள். இன்று ஊரெல்லாம் யாழினி என்று வைக்கிறோமே, அதே யாழ்தான். முழுப்பெயர் நீளம் என்றால் குழலி, மொழி, கயற்கண்ணி என்று எடுத்துக்கொள்ளலாம்.

சங்கப் பாடல் தந்த பெண்களின் பெயர்களும் அப்படியே கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இளவெயினி, நச்செள்ளை, ஆதிமந்தி, வெள்ளிவீதி. நச்செள்ளையார் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர். சேர மன்னனைப் பாடிப் பரிசு பெற்ற புலவர். இளவெயினி என்று ஒரு குழந்தையைக் கூப்பிட்டுப் பாருங்கள், வாய்க்கே இதமாக இருக்கும். சோழர் வரலாறு பிடிக்குமா? ராஜராஜனின் அக்கா குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த கொடைகள் அந்தக் கோயிலிலேயே கல்வெட்டாக இருக்கின்றன. மகளை அழைத்துப்போய், உன் பெயருக்குரியவர் கொடுத்தது இங்கே எழுதியிருக்கிறது என்று காட்டலாம். செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றிய செம்பியன் மாதேவியை நினைத்து மாதேவி என்றும் வைக்கலாம்.

பழைய பெயர் என்று ஒதுக்கியவற்றையும் ஒருமுறை புரட்டுங்கள். அஞ்சலை என்றால் கிராமத்துப் பெயர் என்பார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் விடுதலைப் போராட்டத்தில் திரும்பத் திரும்பச் சிறை சென்றவர்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானத்துக்குப் புனிதர் பெயர், முஸ்லிம் குடும்பங்களில் ஏழாம் நாள் அகீகாவின்போது சூட்டும் பெயர் என்று நெறி இருக்கும். அங்கேயும் குடும்பத்துப் பெரிய பெண்மணிகளின் பெயர்களை விசாரித்துப் பாருங்கள். கேட்டால்தான் கதைகளோடு வெளியே வரும்.

9. முடிவு செய்யும் முன் ஒரு வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சமையலறையிலிருந்து மொட்டை மாடிக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுங்கள். நம் வாயில் பெயர் எப்படியும் சுருங்கும். கயல்விழி கயலு ஆவாள், தமிழ்ச்செல்வி தமிழு ஆவாள். அந்தச் சுருக்கமும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பாட்டிக்குச் சொல்ல வருகிறதா என்பதும் முக்கியம். நாள் முழுக்கக் குழந்தையைக் கூப்பிடப்போவது பெரும்பாலும் அவர்தான்.

10. அக்கா தங்கைக்கு ஒலிக்கு ஒலி பொருந்தும் பெயர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ரம்யா, சௌம்யா என்று இருந்தால் ஒருத்தியைக் கூப்பிட்டால் இன்னொருத்தி ஓடி வருவாள். இனிஷியல் எப்படியும் ஒன்றுதான்; இருவரின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் கூரியரிலிருந்து வங்கிக் கடிதம் வரை மாறிப்போகும்.

11. இனிஷியலோடு சேர்த்துத் தமிழில் எழுதிப் பாருங்கள். அப்பா சுந்தரம், மகள் மதி என்றால் சு. மதி, படிப்பவர்கள் சுமதி என்பார்கள். குமரேசன் மகள் மாரி, குமாரி ஆகிவிடுவாள். தமிழக அரசு ஆவணங்களில் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணை இருப்பதால் இது அடிக்கடி கண்ணில் படும்.

12. ழ, ள, ல உள்ள பெயர்களுக்கு ஆங்கில எழுத்தை இப்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள். யாழினி, குழலி, கயல்விழி ஆகியவற்றில் வரும் ழகரத்தை ‘இசட் எச்’ என்று எழுதுவதே இங்கே பரவலான வழக்கம். வெளிமாநிலத்தார் அதை வேறு மாதிரி படிப்பார்கள். படிக்கட்டும், ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போகிறது. ழ வாயில் வராதவர்களுக்காக ழவைக் கைவிட வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் தடுப்பூசி அட்டையில் தொடங்கி எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

13. பாஸ்போர்ட்டையும் யோசியுங்கள். நம் ஒற்றைப் பெயர் வழக்கம் அங்கேதான் இடிக்கும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நம் ஊரில் ஒற்றைப் பெயரும் இனிஷியலும் இந்த அளவுக்கு நிலைத்ததில் அந்த இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது. விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் வெளிநாட்டில் சிக்கல் வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்து, நம்மவர்கள் பலர் தவித்தார்கள். அப்பா பெயரையோ அம்மா பெயரையோ முழுதாக அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டால் போதும்.

14. பதிவு செய்யும் கவுன்டரில் தலையை ஆட்டிவிட்டு வராதீர்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொன்னால் யாழினி, யாளினி ஆகும். தமிழ்ச்செல்வியில் நடுவில் உள்ள ‘ச்’ காணாமல் போகும். பதிவாகும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அம்மா, அப்பா பெயர்கள் அவர்களுடைய ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். குழந்தை பெயரை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி (PICME) எண்ணையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

15. சான்றிதழை லேமினேட் செய்ய வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் போதும். இணையத்திலிருந்து இறக்கிய பிரதியை அம்மா, அப்பா இருவர் மெயிலிலும் சேமித்துவிட்டு, பதிவு எண்ணை வீட்டு டைரியில் குறித்து வையுங்கள்.