இருதயத்தின் கதவும் நண்டுக் கோதும்

இருதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்தால் ஒரு நாளைக்கு 1,00,800 துடிப்புகள். வருடத்துக்கு ஏறக்குறைய 3 கோடி 68 இலட்சம். அத்தனை முறையும் அதன் வால்வுகள் திறந்து மூட வேண்டும். இந்தக் கணக்கைக் கொப்பியில் போட்டுப் பார்த்தபோதுதான், செயற்கை வால்வு செய்வது வைத்தியரின் வேலை மட்டுமல்ல, பொறியியலாளரின் வேலையும் என்று எனக்கு விளங்கியது.

நமது நாடுகளில் வால்வு பழுதாவதற்கு வாதக் காய்ச்சல் ஒரு முக்கிய காரணம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வரும் சாதாரணத் தொண்டை நோவிலிருந்தே அது தொடங்கலாம். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவகத்தில் டொக்டர் எம். எஸ். வலியத்தானின் குழு, குறைந்த விலையில் ஒரு வால்வு செய்ய முனைந்தது. முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்றில் திறந்து மூடும் தட்டை ஆய்வுகூடத்தில் வளர்த்த நீலக்கல்லால் செய்தார்கள். இரத்தினபுரியில் தோண்டுகிறோமே, அதே பொருள்தான்! அவ்வளவு கடினமான கல்லும் செம்மறியாட்டின் இருதயத்தில் உடைந்துபோனது. நான்காவது மாதிரிக்கு மென்மையான பொலிஎதிலீன் தட்டு, அதுவே நிலைத்தது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இதுவரை ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் அதைப் பெற்றுள்ளனர்.

ஆனால் உலோக வால்வில் இரத்தம் உறையும். வாழ்நாள் முழுவதும் வாபரின் குளிசை வேண்டும். கர்ப்ப காலத்தில் அது சிசுவைப் பாதிக்கக் கூடியது; பெண்களுக்கு இது சிறிய விடயமல்ல. மாட்டு, பன்றித் திசு வால்வுகளுக்கு அந்தக் குளிசை நெடுங்காலம் தேவையில்லை. எனினும் இளவயதினரில் அவை விரைவில் பழுதாகும். பன்றித் திசு என்றதும் எங்கள் வீடுகளில் எழும் கேள்வி வேறு.

இனி நமது கரைக்கு வருவோம். மன்னாரில் நாம் எறியும் நண்டு, இறால் கோதுகளில் கைற்றின் இருக்கிறது. அமிலத்தால் சுண்ணாம்பையும் காரத்தால் புரதத்தையும் நீக்கி, மீண்டும் செறிந்த காரத்தில் சூடாக்கினால் கைற்றோசன் கிடைக்கும். உடலில் மெல்லக் கரையக்கூடிய இதைக் கொண்டு, கலங்கள் பற்றி வளரும் குருதிக்குழாய்ச் சட்டகம் அமைக்க ஆய்வுகள் நடக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், கைற்றோசனின் நேரேற்றம் எதிரேற்றமுள்ள செங்குழியங்களை இழுத்து இரத்தத்தை உறையச் செய்யும். காயத்துக்குக் கட்ட அது நல்லது; குழாய்க்குள் ஆபத்து. இதனால் ஹெப்பரின் பூசிப் பார்க்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்தே வருகிறது. எனக்குப் பிடித்தது மற்ற வழி: கைற்றோசனுடனேயே சல்பேற்றுக் கூட்டங்களை இணைத்தால், இரத்தத்தை உறைய வைத்த அதே பொருள் உறைதலைத் தடுக்கத் தொடங்குகிறது.